படிக்க வைக்கவும்

1. கயிறு, அட்டை, பதிவேடு

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் மூன்று பொருள்களைக் கொடுத்தார்கள். இருபது அடிக் கயிறு ஒன்று. எழுத்துகள் அச்சிட்ட கெட்டி அட்டை ஒன்று. கோடு போட்ட பதிவேடு ஒன்று. அட்டையைச் சுவரில் மாட்டிக் கயிற்றின் ஒரு முனையை அதன் கீழே கட்ட வேண்டும். மறுமுனையில் குழந்தை நிற்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழே எழுத்துகளைச் சொல்லும். எந்த வரியில் திணறி நிற்கிறதோ அந்த வரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு மற்றக் கண். இந்த வேலைக்கு கேம்ப் கிளார்க் என்று பெயர்.

அதற்கு முன் சேலத்தில் ஒரு தினசரியில் மூன்று ஆண்டுகள் புரூஃப் பார்த்தேன். ஆள் வராத நாள்களில் ஊர்ச் செய்தியும் எழுதினேன். ஐம்பதுகளின் நடுவில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. பெங்களூரில் இருந்த ஒரு தர்மக் கண் ஆஸ்பத்திரி, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வண்டி அனுப்பிக் குழந்தைகளின் கண்களைப் பார்த்துவந்தது. அந்த வண்டிக்கு, தமிழில் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஓர் ஆள் தேவைப்பட்டார். வண்டி, ராணுவம் வேண்டாம் என்று கழித்த பழைய ஆம்புலன்ஸ்.

வண்டியில் நாங்கள் மூன்று பேர். டாக்டரம்மா கன்னடக்காரர், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். டிரைவர் உசேன் பாய் கிருஷ்ணகிரிக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் பேரம் பேசுவார். நான்கில் எதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாவது ஆள் நான்.

"புரூஃப் ரீடரா? அப்ப எழுத்து தப்பிச்சுன்னா உங்க கண்ணுக்குத் தப்பாது, அல்லவா?" என்று முதல் நாள் டாக்டரம்மா கேட்டார்.

"தப்பாது, மேடம்."

பதினோரு மாதம் கழித்து இந்தப் பதிலை அவர் எனக்கு நினைவூட்டினார். அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஏழு வரிகள். முதல் வரியில் ஒரே ஓர் எழுத்து, உள்ளங்கை அளவு. கீழே போகப் போக எழுத்து சிறுக்கும். இரண்டு கண்ணாலும் ஏழாவது வரி வரை சொன்ன குழந்தைக்கு "கண் நல்ல நிலையில் உள்ளது" என்று நான் கையெழுத்திட்ட சீட்டு கிடைக்கும். அந்தக் குழந்தை டாக்டரம்மாவிடம் போகாது. திணறிய குழந்தைகளை மட்டும் அவர் பார்ப்பார். ஒரு நாளைக்கு இரண்டு பள்ளிகள் இருந்ததால் வேறு வழியில்லை. ஆபரேஷன் தேவைப்படும் குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நான்கு கட்டில்களின் செலவைப் பட்டு வியாபாரிகள் சிலர் ஏற்றிருந்தார்கள். கூட வரும் தாய்க்கும் சாப்பாடு உண்டு. எங்கள் சுற்று ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு சுற்றுக்கு நான்கு குழந்தைகள். ஒரு குழந்தையை நாங்கள் விட்டுவிட்டால் அது அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சில கண்கள் அதுவரை காத்திருக்காது என்று டாக்டரம்மா சொல்வார்.

2. நான் எழுதிய ஒரு வாக்கியம்

பள்ளிகளில் நேரம் வீணாவதை முதல் சில மாதங்களிலேயே கவனித்தேன். அட்டையைப் பார்த்ததும் குழந்தைகள் மிரண்டார்கள். எங்கே நிற்பது, எந்தக் கண்ணைப் பொத்துவது என்று விளக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு மாதம் முன்பே பள்ளிக்கு ஓர் அட்டை அனுப்பினால் ஆசிரியர்களே முதல் வடிகட்டலைச் செய்துவிடுவார்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அட்டைகள் கைவசம் அதிகம் இல்லை. அதனால் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன அச்சகத்தில் மெல்லிய தாளில் பிரதி எடுத்தேன். புரூஃபை நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கூடவே ஒரு சுற்றறிக்கை. அரசாங்கக் கடிதங்களில் வரும் சுற்றிவளைப்பையெல்லாம் நீக்கிவிட்டு ஒரே வாக்கியமாக எழுதினேன்:

"இத்துடன் உள்ள அட்டையைச் சுவரில் மாட்டி, மாணவ மாணவியரை இருபது அடி தூரத்தில் நிறுத்திப் படிக்க வைக்கவும்."

எழுதி முடித்ததும் இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். இதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தேன்.

3. நாற்பத்திரண்டு பேர்

பள்ளி இருந்தது சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். வீடுகளில் பேசுவது தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். பள்ளியில் தமிழ். பிள்ளைகள் வாசலைத் தாண்டும்போதே மொழியை மாற்றிக்கொள்வார்கள்.

தலைமையாசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தருமபுரி பக்கத்துக்காரர், சிரத்தையான மனிதர். எங்கள் பிரதி அட்டை மூன்றாம் வகுப்புச் சுவரில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது.

"ஒரு மாசமா ரெடி பண்ணி வச்சிருக்கறனுங்க. எங்க பசங்க ஒருத்தன்கூடச் சோடை போவமாட்டான், பாருங்க" என்றார்.

முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கெட்டி அட்டையை வெளித் தாழ்வாரத்தில் மாட்டினேன். முதல் பையன் வந்தான். "ட" என்றான். "க, ம" என்றான். ஒவ்வொரு வரியாகச் சரசரவென்று இறங்கினான். நான்காவது வரியில் மட்டும் மூன்றாவது எழுத்தில் ஒரு கணம் நின்றான். அட்டையைப் பார்த்தான், பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தான், "ய" என்றான். அப்புறம் ஏழாவது வரி வரை ஓட்டம்தான்.

அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. நான்காவது வரி, மூன்றாவது எழுத்து, ஒரு நிறுத்தம்.

புரூஃப் பார்த்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம். வரியில் ஏதாவது உறுத்தினால், என்ன என்று புரியாவிட்டாலும், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். பதிவேட்டிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. நின்ற பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. ஆறேழு புள்ளிகள் விழுந்ததும் அட்டையின் அருகே போய்ப் பார்த்தேன். எழுத்தின் மேல் அழுக்கு ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம். இல்லை. "ட க ய ம" என்று சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன்.

பட்டியலில் முப்பத்தோராவது பெயர் நாகரத்னா. ஒன்பது வயது. கயிற்றின் முனையில் நின்றதும் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டாள். எல்லாரையும்விட வேகமாகச் சொன்னாள். கணீரென்ற குரல். எங்கும் நிற்கவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

அட்டைக்குப் பின் ஒரு கேள்வி உண்டு. மாலைக்கண் இருக்கிறதா என்று அறிவதற்காக. எல்லாரிடமும் கேட்டதுபோல் அவளிடமும் கேட்டேன்.

"பொழுது சாஞ்சா கண்ணு தெரியுதாம்மா?"

"அப்பதான் தெரியும், சார்."

"மாலைக்கண் இல்லை" என்று எழுதினேன். சீட்டைக் கொடுத்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

நாற்பத்திரண்டு பேரும் தேறினார்கள். டாக்டரம்மாவிடம் ஒரு குழந்தைகூடப் போகவில்லை. பதினொன்றரைக்கு வண்டியைக் கிளப்பினோம்.

4. சூளகிரி டீக்கடை

டீக்கடைப் பலகையில் பதிவேட்டை விரித்து நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன்ரீ, ஒருத்தருக்குமே இல்லையா? நாப்பத்திரண்டு பிள்ளைங்களா, எல்லாம் நல்ல கண்ணா?"

"ஆமாம், மேடம். நல்ல பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடம் நல்லா இருந்தா கண்ணு நல்லா இருக்குமா?" பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பினார். "இது என்ன, ஈ மொய்ச்ச மாதிரி?"

புள்ளிகளை விளக்கினேன். எல்லாரும் ஒரே எழுத்தில் நின்றதைச் சொன்னேன். அவர் விரலைப் புள்ளிகளின் மேல் வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இவளுக்கு மட்டும் இல்லையே."

"நாகரத்னா. அவள் நிற்கவில்லை, மேடம். நன்றாகப் படித்தாள்."

பெஞ்சின் ஓரத்தில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த உசேன் பாய் திரும்பினார்.

"டகபம பொண்ணுதான சார்? நல்லாத்தான் படிக்கும்."

"என்ன பாய் அது, டகபம?"

"அட, நீங்க தாழ்வாரத்துல வேலையா இருந்தீங்க, உங்களுக்குக் கேக்கலை. டெஸ்ட்டு முடிஞ்ச பசங்க வண்டியைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு, 'டகபம, டகபம'ன்னு வாய்ப்பாடு மாதிரிப் பாட்டு. அந்தப் பொண்ணுதான் எடுத்துக் குடுத்துச்சு. என் மண்டையிலயே ஏறிருச்சி."

"டகபம இல்லை பாய். டகயம."

"நான் எழுத்தைக் கண்டனா? காதுல உளுந்ததைச் சொல்றேன். டகபம."

வண்டிக்குள் போய்ப் பிரதிக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி வந்தேன். நான் புரூஃப் பார்த்து, நான் கையெழுத்திட்டு அச்சான தாள். நான்காவது வரி: ட க ப ம.

"ய" இருக்க வேண்டிய இடத்தில் "ப". இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். அர்த்தமுள்ள வாக்கியத்தில் இப்படி ஓர் எழுத்து மாறினால் கண் உடனே பிடித்துவிடும். அர்த்தமே இல்லாத வரியில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. இது சமாதானம்தான். பிழை பிழைதான்.

எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தப் பள்ளியில் அட்டையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் வாயிலும் "ப" இருந்தது, சுவரில் "ய" இருந்தது. கண் தெரிந்த பிள்ளைகள் அந்த இடத்தில் தடுக்கிப் பிறகு திருத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் தடுக்கவில்லை. அவள் "ப" என்றே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன வேகத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நாகரத்னாவின் வரியில் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார்.

"மாலைக்கண் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்ன கேட்டீங்க? அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க."

"பொழுது சாய்ந்தால் கண் தெரிகிறதா என்று கேட்டேன். 'அப்பதான் தெரியும்' என்றாள்."

"அப்ப தெரியும்னாளா, அப்பதான் தெரியும்னாளா?"

"அப்பதான்."

பேட்டி எடுத்துப் பழகியவன் நான். ஆள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு "தான்"-ஐக் கேட்டேன், எழுதாமல் விட்டேன்.

டாக்டரம்மா பாதி டீயை அப்படியே பலகையில் வைத்தார்.

"வண்டியைத் திருப்புங்க, பாய்."

ஏறும்போது என்னிடம், "எழுத்து தப்பிச்சுன்னா உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

5. திரும்பிப் போன வண்டி

அந்தச் சுற்றில் மூன்று கட்டில்களுக்குக் குழந்தைகள் ஆகிவிட்டார்கள். ஒரு கட்டில் மீதி. சுற்று முடிய இரண்டு நாள்.

தலைமையாசிரியர் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எதையோ மறந்து வைத்துவிட்டுப் போனோம் என்று நினைத்து வகுப்பறைக்குள் தேடப் போனார்.

"ஐயா, அட்டையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்தீர்களா?" என்று கேட்டேன்.

"பின்னே? நீங்கதானங்க எழுதியிருந்தீங்க!" உள்ளே போய்க் கோப்பைக் கொண்டுவந்தார். என் சுற்றறிக்கையை ஓட்டை போட்டு, நூல் கோத்து வைத்திருந்தார். விரல் வைத்து வாசித்தார். "'படிக்க வைக்கவும்.' படிக்க வச்சேன். தப்புச் சொன்னவனை அஞ்சு வாட்டி எழுத வச்சேன். இருபது அடியில நிக்க வச்சித்தான் ஒப்பிக்கச் சொன்னேன், அதையும் விடலை. இந்த நாகரத்னா ரெண்டே நாள்ல ஒப்பிச்சிருச்சி. மத்த பசங்களுக்கு அவளை வச்சித்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நான் சொன்னது பார்த்து வாசிக்க."

"அப்ப அப்படில்ல எழுதோணும்? பள்ளிக்கூடத்துல வந்து 'படி'ன்னா வேற என்னங்க அர்த்தம்? 'படிடா'ன்னு சொன்னா பையன் அட்டையை வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பானா?"

உசேன் பாய்தான் எனக்கு ஆதரவாகப் பேச வந்தார்.

"தெலுங்குல 'சதுவு'ன்னாலும் இதேதான், சார். கன்னடத்துல 'ஓது'ன்னாலும் இதேதான். எங்க உருதுல 'பட்னா'ன்னாலும் ரெண்டும் ஒண்ணுதான். நீங்க எந்த பாசையில எழுதியிருந்தாலும் மாட்டியிருப்பீங்க."

டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

நாகரத்னா பள்ளியில் இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. தலைமையாசிரியரே எங்களை அவள் அப்பாவின் கிணற்றுக்கு அழைத்துப் போனார். அப்பா முனியப்பா மாடுகளைப் பூட்டி, தோல் சாலில் தண்ணீர் மொள்ளும் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார். கேழ்வரகு வயலுக்குத் தண்ணீர். அவள் வரப்போரத்தில் இரண்டு ஆடுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

"பொண்ணை ஏம்ப்பா ஸ்கூலுக்கு அனுப்பலை?" என்றார் தலைமையாசிரியர்.

முனியப்பா மாடுகளை நிறுத்தினார். தலைப்பாகையின் மடிப்பிலிருந்து நான் கொடுத்த சீட்டை எடுத்தார்.

"இதோ இருக்குதே, சாமி. கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரே சீட்டு குடுத்தாச்சாமே. அப்ப இத்தனை வருசமா எங்களை ஏமாத்திக்கிட்டில்ல இருந்திருக்கறா? பகல்ல கல்லுல இடிச்சிக்கிட்டு விழறா. ஸ்லேட்டுல கோடு போட்டுக் குடுத்தா கோட்டுக்கு வெளிய எழுதறா. பொழுதோட பாத்தா ஊசியில நூலு கோக்கறா, சாமி! நான் என் கண்ணால பாத்தேன். வாயில எல்லாம் வருது, கையில ஒண்ணும் வரலை. கண்ணுல கோளாறோன்னு நானும் பொறுத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குச் சீட்டு வந்திருச்சி. இது கள்ளத்தனந்தான? ஸ்லேட்டை என் தம்பி பையனுக்குக் குடுத்தாச்சி. ஆடு மேய்க்கட்டும்."

சீட்டின் கீழே என் கையெழுத்து தெளிவாக இருந்தது.

"இன்னொரு வாட்டிப் பாக்கறோம்" என்றார் டாக்டரம்மா.

"பாத்தாச்சில்லம்மா?"

"பாத்தது சரியில்லை."

எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்கென்று இன்னோர் அட்டை வைத்திருந்தோம். இங்கிலீஷ் "ஈ" எழுத்து மேலும் கீழும், இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இருக்கும். கால்கள் எந்தப் பக்கம் என்று குழந்தை கையால் காட்ட வேண்டும். உசேன் பாய் அதற்குச் சீப்பு அட்டை என்று பெயர் வைத்திருந்தார். அதை ஏற்றத்தின் மரத்தூணில் மாட்டினேன். இருபது அடி அளந்து அவளை நிறுத்தினேன். நல்ல வெயில்.

"சீப்போட பல்லு எந்தப் பக்கம், கண்ணு?" என்றார் உசேன் பாய்.

அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுருக்கி அங்குமிங்கும் தேடினாள்.

"சீப்பு எங்க இருக்குது, மாமா?"

ஓர் அடி, ஓர் அடியாக அவளை முன்னே கொண்டுவந்தோம். ஆறடியில் முதல் சீப்பைக் காட்டினாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மற்றக் கண்ணிலும் அதே கணக்கு. தலைமையாசிரியர் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வண்டிக்குள் அவளை உட்காரவைத்து இரண்டு கண்ணிலும் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். முனியப்பா வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். நடுவே ஒரு முறை எழுந்து போய் மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தார்.

பிறகு டாக்டரம்மா முனியப்பாவைக் கூப்பிட்டு, அவள் கண்ணில் டார்ச்சை அடித்துக் காட்டினார். கறுப்புப் பாவை பெரிதாக விரிந்திருந்தது. அதன் நடுவில், பால் சொட்டு விழுந்ததுபோல் ஒரு வெளுப்பு. சுற்றிலும் கறுப்பு.

"பிறவியிலேயே வந்த புரை. ஜன்னலுக்கு நடுவுல ஒரு தட்டு மாட்டின மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார். "வெயில்ல ஜன்னல் சின்னதாகும், தட்டு மொத்தமா அடைச்சுக்கும். பொழுதோட ஜன்னல் பெரிசாகும், ஓரத்து வழியாத் தெரியும். அதனாலதான் பொழுதோட நூல் கோக்கறா."

"அப்ப இவ பொய் சொல்லலையா?"

"அவ சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்லை. நாங்க குடுத்த சீட்டுதான் பொய்."

முனியப்பா கையிலிருந்த சீட்டை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நாகரத்னா வண்டிக்குள்ளிருந்து இறங்கினாள். வெயில் கூசியது. கண்ணை இடுக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மருந்தின் வேகத்தில் பாவை சுருங்காமல் இருந்தது. பகலில் அவரை அவ்வளவு தெளிவாக அவள் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

"நைனா, உனக்கு மீசை நரைச்சிருக்குது."

முனியப்பா மீசையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு வருசமா நரைச்சிருக்குதும்மா" என்றார்.

ஆபரேஷன் பற்றி டாக்டரம்மா சொன்னார். ஊசியால் புரையைக் கீறிவிடுவது. ஒரு கண் முதலில், இன்னொன்று பிறகு. அப்புறம் தடித்த கண்ணாடி. இன்னும் தள்ளிப்போட்டால், பார்க்கப் பழகாத கண் பிறகு பழகாது. முழுப் பார்வை வரும் என்று அவர் சொல்லவில்லை. வகுப்பில் உட்காரும் அளவுக்கு வரும் என்றார்.

முனியப்பா உசேன் பாய் பக்கம் திரும்பித் தெலுங்கில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பாய் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே பதில் சொன்னார்.

"பெங்களூர்ல கண்ணைப் புடுங்கிருவாங்களா? அண்ணா, என் வண்டியில போற புள்ளைங்களை நான்தான் திரும்பக் கொண்டாந்து எறக்கறேன். ஏத்தும்போது கண்ணை ரெண்டு ரெண்டா எண்ணித்தான் ஏத்தறேன். எறக்கும்போதும் எண்ணிக்கிட்டுத்தான் எறக்கறேன். இதுவரைக்கும் ஒண்ணு கொறையலை."

முனியப்பா முதல் முறையாகச் சிரித்தார். "அவ அம்மா வருவா. மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். நான்காவது கட்டிலுக்கு எதிரே நாகரத்னா என்று எழுதினேன். கிளம்பும்போது அவர் வயலைத் தாண்டித் தம்பி வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். ஸ்லேட்டைத் திரும்ப வாங்கத்தான் என்று தலைமையாசிரியர் சொன்னார்.

6. திருத்தம்

அந்தச் சுற்றில் எங்கள் தாள் முன்கூட்டிப் போய், அதற்கு முன் நாங்கள் பார்த்துமுடித்திருந்த மூன்று பள்ளிகளுக்கு மறுபடி போனோம். இரண்டு பள்ளிகளில் எங்கள் தாள் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்தது. அந்த அலட்சியத்தைப் பார்த்து ஒருவன் நிம்மதி அடைந்தான் என்றால் அது நானாகத்தான் இருக்கும். மூன்றாவது பள்ளியில் கொஞ்சம் ஒப்பித்திருந்தார்கள். சீப்பு அட்டையை வைத்து எல்லாரையும் மறுபடி பார்த்தோம். ஒரு பையனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

பத்திரிகையில் தவறு செய்தால் மறுநாள் ஒரு மூலையில் "திருத்தம்" என்று போடுவோம். சுற்றறிக்கைக்கும் திருத்தம் எழுதினேன். முதலில் "படிக்க" என்பதை அடித்து "வாசிக்க" என்று போட்டேன். உசேன் பாயிடம் சொல்லிக் காட்டினேன். "வாசிக்கன்னாலும் எட்மாஸ்டர் வாசிச்சி வாசிச்சி உரு ஏத்திருவாரு சார்" என்றார். கடைசியில் இப்படி முடிந்தது: "அட்டையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிக் காட்ட வேண்டாம். ஒரு நாள் மட்டும் மாட்டி, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கவும். தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையைத் திட்ட வேண்டாம்." மூன்று வாக்கியங்கள் ஆகிவிட்டன. அழகு குறைவு, ஆபத்தும் குறைவு.

அச்சுப்பிழையைத் திருத்திப் புதுத் தாள் போட அனுமதி கேட்டேன். டாக்டரம்மா மறுத்துவிட்டார்.

"திருத்த வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போற தாள்ல 'ப' இருக்கட்டும். நம்ம அட்டையில 'ய' இருக்கட்டும். யார் தடுக்கறாங்கன்னு பார்ப்போம்."

ஓர் அச்சுப்பிழையைத் தெரிந்தே காப்பாற்றும்படி ஒரு மேலதிகாரி எனக்கு உத்தரவிட்டது என் உத்தியோகத்தில் அந்த ஒரு முறைதான். நான் ஓய்வு பெறும் வரை அந்த "ப" அங்கேயே இருந்தது.

இன்று பள்ளிகளுக்குக் கண் பார்க்கப் போகும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களிடம் இருக்கும் கருவிகள் அன்று எங்களிடம் இல்லை, எனவே கருவி பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு விஷயம் சொல்வேன். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், ஒரு "தான்"-ஐக்கூட விடாதீர்கள். இன்னொன்று, தடுக்கித் தடுக்கிச் சொல்லும் குழந்தையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அது பார்க்க முயல்கிறது, எப்படியும் உங்கள் கண்ணில் பட்டுவிடும். எங்குமே தடுக்காமல் சொல்லும் குழந்தையிடம் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

நாகரத்னாவை மறுபடி பார்த்தது ஆபரேஷனுக்குச் சில மாதம் கழித்து, குந்தாரப்பள்ளிச் சந்தையில். ஆபரேஷன் ஆன குழந்தைகளை மறுபரிசோதனைக்குச் சந்தை நாளில் அங்கே வரச் சொல்வோம். தாய் தகப்பனுக்குச் சந்தை வேலையும் முடிந்துவிடும். மாடுகள் நிற்கும் திடலின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அதன் பக்கவாட்டில் கெட்டி அட்டையை மாட்டியிருந்தேன். முனியப்பா ஒரு காளைக்கு விலை பேசிக்கொண்டே மகளை எங்கள் பக்கம் அனுப்பிவைத்தார். தடித்த கண்ணாடி. காதுக்குப் பின்னால் நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

கயிற்றின் முனையில் நின்றாள். இந்த முறை வேகம் இல்லை. முதல் வரி சொன்னாள். இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நான்காவது வரிக்கு வந்தாள்.

"ட... க..."

நின்றாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், இது 'ப' இல்லியே. உங்க அட்டையில தப்பு இருக்குது."

"அப்ப அது என்ன எழுத்து?"

"ய."

அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. டாக்டரம்மா அதுவே போதும் என்றார். நான் பதிவேட்டில் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு, முப்பத்தோராவது பெயருக்கு எதிரே விட்டுப்போயிருந்த புள்ளியை வைத்தேன்.